கையெழுத்து இல்லாத தண்ணீர்

பொட்டிபுரம் என்ற ஊர்ப்பெயரை நம்மில் பெரும்பாலோர் முதன்முதலில் கேள்விப்பட்டது நியூட்ரினோவுடன் சேர்த்துத்தான். போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில், மேற்கு மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரைப் பற்றிக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் தமிழில் எழுதப்பட்டவற்றைத் தொகுத்தால் தடித்த நூலொன்று தேறும். அடிப்படை அறிவியலின் அவசியம் பற்றி எழுதினோம். மலையைக் குடைவதன் அபாயம் பற்றி எழுதினோம். ஆதரித்தவர்களை மைய அரசின் ஏவலாட்கள் என்றும், எதிர்த்தவர்களை அறிவியல் விரோதிகள் என்றும் மாறிமாறி வைதுகொண்டோம். என் பங்குக்கு நானும் இரண்டு கட்டுரைகள் எழுதினேன். இப்போது அவற்றை எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. அவற்றில் சொன்னவை பிழை என்பதால் அல்ல. சொல்லாமல் விட்டதை நினைத்து.

விவரம் மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. நீலகிரியின் சிங்காராவில் இடம் மறுக்கப்பட்டபின் பொட்டிபுரம் தேர்வானது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டமாக இதை ஏற்றது. அம்பரப்பர் மலைக்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம், அதன் முடிவில் 50,000 டன் இரும்பாலான உணர்கருவி. 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீண்டும் அனுமதி தந்தது. 2022 பிப்ரவரியில், அப்பகுதி புலிகளின் வழித்தடம் என்பதால் திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆய்வகம் எழும்பவில்லை.

அந்தச் சர்ச்சையில் ஓர் எண் அடிக்கடி வந்துபோனது. ஆய்வகத்துக்கு நாளொன்றுக்குத் தேவையான தண்ணீர் சுமார் 340 கிலோலிட்டர். அதாவது 3 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். முல்லைப் பெரியாற்று நீரிலிருந்து இது எடுக்கப்படும் என்று திட்டத்தினர் சொன்னார்கள். எதிர்த்தவர்கள் இந்த எண்ணைக் காட்டி விவசாயம் பாழாகும் என்றார்கள். ஆதரித்தவர்கள் இதே எண்ணைக் காட்டி, மாவட்டத்தின் மொத்த நீர்ப் பயன்பாட்டில் இது தூசு என்றார்கள். இரு தரப்பிலும் எவரும் அதை 55ஆல் வகுத்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஊரகத்தில் வாழும் ஒருவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு குடிநீர் என்று ஜல் ஜீவன் திட்டம் வகுத்திருக்கும் அளவுதான் 55 லிட்டர். வகுத்தால் ஆறாயிரம் பேருக்கு மேல் வருகிறது. போடி மலைச்சரிவுகளில் உள்ள ஒரு பழங்குடிக் குடியிருப்பில் இருப்பது இருபது, முப்பது, மிஞ்சினால் அறுபது வீடுகள்.

இதை ஆய்வகத்துக்கு எதிரான வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வாதம் முடிந்த கதை. நான் கேட்பது வேறு. ஓர் ஆய்வகத்துக்கு எத்தனை லிட்டர் வேண்டும், எந்த ஆற்றிலிருந்து, எந்தத் தலைப்பின்கீழ் வரும் நிதியில் என்பதெல்லாம் முதல் பாறையை உடைப்பதற்கு முன்பே காகிதத்தில் இடம்பெற்றுவிட்டன. பல தலைமுறைகளாக அதே மலைத்தொடரில் வாழும் பளியருக்கும் முதுவாருக்கும் அப்படி ஒரு காகிதம் ஏன் இல்லை?

*

நான் போடியில் பிறந்து வளர்ந்தவன். போடி நகரம் குடிப்பது கொட்டகுடி ஆற்றின் தண்ணீரை. குரங்கணி மலைகளில் பிறந்து இறங்கிவரும் ஆறு அது. சிறுவயதில் எங்கள் தெருக்குழாயில் வந்த தண்ணீரின் குளிர்ச்சியை வெளியூர் உறவினர்களிடம் பெருமையாகச் சொல்வோம். அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது, வழியில் யார் வீட்டைத் தாண்டி வருகிறது என்று யோசித்ததில்லை.

இந்தச் சரிவுகளில் பளியர் வாழ்கிறார்கள். சற்று மேலே முதுவார் வாழ்கிறார்கள். சிறைக்காடு, மேலப்பரவு, முதுவாக்குடி என்று குடியிருப்புகளின் பெயர்கள் போடிக்காரர்களுக்குப் பரிச்சயமானவை. தேனும் கல்பாசியும் சந்தைக்கு வரும்போது அந்தப் பெயர்களும் கூடவே வரும். மதுரையிலிருந்து மீனாட்சியின் திருவுருவை முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவார் ஆனோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. தெய்வத்தைச் சுமந்த முதுகு இன்று பிளாஸ்டிக் குடத்தைச் சுமக்கிறது என்று எழுதினால் வாசகர்கள் உருகுவார்கள் என்பது எனக்குத் தெரியும். உருகுவதால் குழாய் வராது என்பதும் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நண்பர் ஒருவருடன் அப்படி ஒரு குடியிருப்புக்குப் போனேன். பெயரைத் தவிர்க்கிறேன், பெயர் சொன்னால் சிக்கல் அங்குள்ளவர்களுக்கே வரும். ஓடையின் மேற்பகுதியில் கல்லடுக்கித் தேக்கிய ஒரு குட்டை. அங்கிருந்து கறுப்பு ஓஸ் பாறைமேலும் வேர்மேலும் நெளிந்து இறங்குகிறது. குடியிருப்பினரே காசு சேர்த்து வாங்கிப் போட்டது. காட்டுமாடு மிதித்த இடங்களில் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். யானை வந்த வாரம் தண்ணீர் கிடையாது. மாசி பிறந்தால் ஓடை ஒடுங்கிவிடும். பிறகு கோடைமழை வரும்வரை பெண்கள் குடத்துடன் பள்ளத்துக்கு இறங்க வேண்டும். குடியிருப்பின் நடுவே அரசு தந்த சின்டெக்ஸ் தொட்டி ஒன்று கம்பீரமாக நின்றது. அதற்குத் தண்ணீர் வரும் குழாயைத்தான் யாரும் தரவில்லை.

பிறகு அந்த ஊர்ப் பெரியவருடன் ஓர் அலுவலகத்துக்கு மனுவோடு போனோம். அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், மனுவைப் படித்தார். “பெரியவரே, உங்க குடியிருப்பு எந்த சர்வே நம்பர்ல வருது?” என்று கேட்டார்.

“காட்டுக்குள்ள இருக்கோம்யா. சர்வே நம்பரெல்லாம் தெரியாது. தண்ணி குடிக்கிறதுக்கும் நம்பரு வேணுமாய்யா?”

அதிகாரி சிரிக்கவில்லை. இடம் வனத்துறையுடையது என்றால் அவர்களுடைய தடையின்மைச் சான்று வேண்டும் என்றார். அது கிடைத்தாலும், மதிப்பீடு தயாரித்து மேலே அனுப்பினால், வீட்டுக்கு இத்தனை ரூபாயா என்று கேட்டுத் திருப்பிவிடுவார்கள் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. கெட்ட அதிகாரியை மாற்றிவிடலாம். நல்ல அதிகாரி விதிகளைச் சரியாகப் படித்து இல்லை என்று சொல்லும்போது, கேள்வி அந்த விதிகளை நோக்கித்தான் போக வேண்டும்.

*

முதலில் ஒரு பொய்யை அப்புறப்படுத்திவிடலாம். நிதி இல்லை என்பதுதான் அந்தப் பொய். நிதி இருக்கிறது, கேட்டால் மலைத்துப் போகும் அளவுக்கு இருக்கிறது.

பழங்குடித் துணைத் திட்டம் என்ற ஏற்பாடு ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலமான 1974 முதல் நாட்டில் இருக்கிறது. 2019இல் 3 லட்சத்து 60 ஆயிரம் கோடி மதிப்பீட்டில் ஜல் ஜீவன் தொடங்கியது. 2023 நவம்பரில் 24,104 கோடியில் பிரதமரின் ஜன்மன் திட்டம் வந்தது. 2024 அக்டோபரில் 79,156 கோடியில் தர்த்தி ஆபா திட்டம் வந்தது. தமிழக அரசு 2024-25 நிதிநிலை அறிக்கையில் பழங்குடிக் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்கென நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி என்று ‘தொல்குடி’ திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குத் தனிச் சட்டமும் இயற்றியது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினரின் எண்ணிக்கை எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, மக்கள்தொகையில் 1.1 சதவீதம். இத்தனை திட்டங்களுக்கும் இத்தனை சிறிய எண்ணிக்கைக்கும் நடுவில் ஒரு கறுப்பு ஓஸ் எப்படி மிஞ்சுகிறது?

வடிகட்டிகளால் மிஞ்சுகிறது. ஒவ்வொரு திட்டமும் ஒரு வடிகட்டியோடுதான் வருகிறது.

முதல் வடிகட்டி பட்டியல். ஜன்மன் திட்டம், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று அரசு வகைப்படுத்திய தொல்பழங்குடிகளுக்கு மட்டும் உரியது. தமிழகத்தில் அந்த வகையில் ஆறு சமூகங்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். பளியர் அதில் இல்லை. முதுவாரும் இல்லை. தமிழகத்தின் பழங்குடிப் பட்டியலைப் பாருங்கள்: எழுத்து வேறுபாட்டோடு பளியர் மூன்று தனி இனங்களாக அதில் பதிவாகியிருக்கிறார்கள். ஒரே மக்களை மூன்று முறை எழுதத் தெரிந்த அரசுக்கு, அவர்களுக்குத் தண்ணீர் தரும் பட்டியலில் ஒருமுறை எழுத வாய்க்கவில்லை.

இரண்டாவது வடிகட்டி அலகு. கணக்கெடுப்பில் கிராமம் என்பது வருவாய்க் கிராமம். தர்த்தி ஆபா போன்ற திட்டங்கள் பழங்குடியினர் பெரும்பான்மையாக உள்ள கிராமங்களைத் தேடுகின்றன. அடிவாரத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழும் ஊராட்சியோடு மேலே முப்பது வீடுகளைச் சேர்த்து எண்ணினால், அந்த முப்பது வீடுகள் சதவீதத்தில் கரைந்துவிடும்.

மூன்றாவது வடிகட்டி பங்களிப்பு. ஜல் ஜீவன் விதிகளின்படி, ஊருக்குள் அமைக்கும் கட்டுமானத்தின் மூலதனச் செலவில் ஒரு பகுதியைப் பயனாளிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். சமவெளியில் அது 10 சதவீதம். மலை, வனப் பகுதிகளிலும் பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ பாதிக்கு மேல் உள்ள ஊர்களிலும் 5 சதவீதம். இதைச் சலுகை என்கிறார்கள். தன் சொந்தக் காசில் ஓஸ் வாங்கி, தன் உழைப்பில் அதைப் பாறைமேல் பதித்து, ஆண்டுதோறும் தானே ஒட்டுப்போடும் ஒருவரிடம் உன் பங்களிப்பு எங்கே என்று கேட்பதைச் சலுகை என்று அழைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

நான்காவது வடிகட்டிதான் மிகவும் நாகரிகமானது; அதன் பெயர் சமத்துவம். மக்கள்தொகையில் 1.1 சதவீதம் என்றால் நிதியிலும் 1.1 சதவீதம் என்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. சமவெளியில் ஒரு தெருவுக்குக் குழாய் பதிப்பதும், மணலையும் சிமெண்டையும் தலைச்சுமையாகவோ குதிரைமேலோ ஏற்றிப்போய் மலையில் பதிப்பதும் ஒரே செலவு அல்ல. நூற்றாண்டுக் கணக்கில் விட்டுப்போன பாக்கியையும் இந்த ஆண்டுத் தேவையையும் ஒரே விகிதத்தில் அளப்பது நியாயமும் அல்ல.

*

காடு குறுக்கே நிற்கிறதே என்பார்கள். காட்டுக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்றொரு பிரிவு இருக்கிறது. வனப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொன்னாலும் சரி, வனவாசிகளுக்கான 13 வகை வசதிகளுக்கு அரசு காட்டுநிலத்தை ஒதுக்கலாம் என்கிறது அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். இவைதான் நிபந்தனைகள். அந்தப் பதின்மூன்றில் ஒன்று குடிநீர் வழங்கலும் குடிநீர்க் குழாய்களும். மாவட்ட அளவிலேயே முடிகிற காரியம் இது. தில்லிக்குப் போக வேண்டியதில்லை. ஒரு குடிநீர்க் குழாய்க்கு ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டிவராது.

பிறகு ஏன் நடப்பதில்லை? கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அந்தக் கிராம சபை எது? அடிவாரத்தில் கூடும் ஊராட்சியின் கிராம சபைக்கு மேலேயிருந்து வர ஒரு நாள் கூலி போகும்; வந்தாலும் நூற்றுக்கணக்கானோர் நடுவில் பத்துப் பேர். தமிழகத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. ஆகவே பழங்குடிக் குடியிருப்புகளுக்குத் தனிக் கிராம சபை தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் இங்கே செல்லாது. வன உரிமைச் சட்டமோ, நீண்டகாலக் குடியிருப்புகளையும் அளவிடப்படாத ஊர்களையும் கிராமம் என்றே வரையறுக்கிறது. அதன்படி மேலே உள்ள குடியிருப்புக்கே தன் சபையைக் கூட்ட உரிமை உண்டு. இதை அங்குள்ளவர்களுக்குச் சொல்வது எவருடைய வேலை என்பதுதான் எந்த அரசாணையிலும் தெளிவாக இல்லை.

சட்டத்தைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தவும் முடியவில்லை. அந்தப் பதின்மூன்றை வரிசையாகப் படித்துப் பாருங்கள். பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, குளம், குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, பாசன வாய்க்கால், மாற்று எரிசக்தி, தொழிற்பயிற்சி, சாலை, சமுதாயக் கூடம் எல்லாம் உண்டு. கழிப்பறை இல்லை. கழிவுநீர் வடிகால் இல்லை. காட்டில் வாழ்பவர்களும் தண்ணீர் குடிப்பார்கள் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. குடித்த பிறகு என்ன ஆகும் என்பதுவரை யோசனை போகவில்லை. நம் மாநிலத்தில் இந்தப் பணியைச் செய்யும் நிறுவனத்தின் பெயர் குடிநீர் வடிகால் வாரியம். வடிகால் பெயரிலேயே இருக்கிறது. மலைக்குடியிருப்புகளில் அந்தச் சொல்லின் பின்பாதியை நான் பார்த்ததில்லை.

கழிப்பறைகள் கட்டப்படவில்லையா என்றால், கட்டப்பட்டன. 2014இல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தில் ஒரு கழிப்பறைக்கு 12,000 ரூபாய். சமவெளிக்கும் அதே தொகை, செங்கல்லைச் சுமந்து ஏற வேண்டிய மலைக்கும் அதே தொகை. 2019 அக்டோபரில் ஊரக இந்தியா முழுவதும் திறந்தவெளிக் கழிப்பிடம் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். நான் பார்த்த குடியிருப்பில் அந்தக் கழிப்பறைகளுக்குள் விறகு அடுக்கியிருந்தது. மழையில் நனையாத ஒரே கட்டடம் அது என்றார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் கழிப்பறையை வேறு எதற்குப் பயன்படுத்துவது? ஒருவேளை தண்ணீர் வந்தாலும் சிக்கல் தீராது. பாறைச்சரிவில் தோண்டிய உறிஞ்சுகுழி உறிஞ்சாது. நிரம்பி வழிந்து, கீழே இருக்கிற ஊற்றில்தான் கலக்கும். மண்ணும் சரிவும் ஊற்றின் இடமும் தெரிந்து தனியாக வடிவமைக்க வேண்டிய ஒன்றை, மாநிலம் முழுமைக்கும் ஒரே வரைபடத்தில் முடித்தார்கள். அதுவரை பெண்கள் இருட்டும் முன்போ விடியும் முன்போ காட்டுக்குள் போகிறார்கள். அந்த நேரத்தில்தான் கரடியும் யானையும் நடமாடும்.

*

இந்த மலைகளில் தண்ணீருக்குப் பேரம் பேசிக் கையெழுத்துப் போட்ட வரலாறு புதிதல்ல. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாணத்துக்காக ஆங்கில அரசும் பெரியாற்று நீருக்குக் குத்தகை எழுதிக்கொண்டன. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 ஆண்டுகள். 1895இல் அணை முடிந்தது. தேனி, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்கள் சோறு தின்றன. அந்த நன்றியில் இன்றும் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பெயர் வைக்கிறார்கள். அதில் தவறு ஏதுமில்லை. ஆனால் அந்த 8,000 ஏக்கரைச் சூழ்ந்த காடுகளில் வாழ்ந்தவர்கள் அந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்திலும் ஒரு தரப்பாக இல்லை.

மலையேற்றம் கடினம் என்ற வாதத்துக்கும் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வண்டியில் போனது. இடையில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற இடத்தின் பெயர் அந்த ரோப்வேயின் எச்சம். நூறாண்டுகளுக்கு முன்பு தேயிலைப் பெட்டிக்கு அந்தச் சரிவு ஒரு தடையாக இருக்கவில்லை. இன்று ஒரு தண்ணீர்க் குழாய்க்குத் தடையாக இருக்கிறது என்கிறார்கள்.

கையெழுத்துப் போடும் தரப்பாக ஒருவர் ஏற்கப்பட்டால் தண்ணீர் அவரைத் தேடி வருகிறது. மனுக் கொடுப்பவராக மட்டும் இருக்கும்வரை அவரிடம் சின்டெக்ஸ் தொட்டி வருகிறது.

இது தமிழ்நாட்டின் கதை மட்டுமல்ல. கனடாவின் வின்னிபெக் நகரம் 1919 முதல் ஷோல் ஏரியின் நீரைக் குழாய்வழியாகக் குடித்து வருகிறது. அந்த நீர்வழிக்காக வெட்டிய கால்வாயால், ஏரிக்கரையில் வாழ்ந்த ஷோல் லேக் 40 என்ற பூர்வகுடிச் சமூகம் தீவில் அகப்பட்டதுபோல் ஆனது. நகரத்துக்குத் தண்ணீர் தந்த அந்த மக்கள், 1990களின் இறுதியிலிருந்து இருபதாண்டுகளுக்கு மேல் தங்கள் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது என்ற எச்சரிக்கையின்கீழ் வாழ்ந்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் வந்தது 2021இல். போடிக்காரனான எனக்கு இதைப் படித்தபோது என் தெருக்குழாயின் குளிர்ச்சி நினைவுக்கு வந்தது.

அங்கே மாற்றம் வந்தது இரக்கத்தால் அல்ல. 2015இல் ஆட்சிக்கு வந்தவர்கள் ஐந்தாண்டுகளில் எல்லா எச்சரிக்கைகளையும் நீக்குவோம் என்று வாக்களித்தார்கள். 2021 மார்ச் கெடு தவறியது. 1995 முதல் காய்ச்சிய நீரைக் குடித்துவந்த நெஸ்கன்டாகா உள்ளிட்ட மூன்று சமூகங்கள் 2019இல் மற்றவர்களுக்கும் சேர்த்து வழக்குத் தொடுத்தன. 2021 டிசம்பரில் நீதிமன்றங்கள் ஏற்ற உடன்படிக்கையின் மதிப்பு 800 கோடி கனடிய டாலர். அதில் குறைந்தது 600 கோடி தண்ணீர்க் கட்டமைப்புக்கு. அரசு செலவிடுவதாக ஒப்பிய தொகை அது. தவறினால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் அங்கே பேசிப் பெற்றார்கள். சுத்திகரிப்பு நிலையங்களை இயக்கும் செலவில் அரசு 80 விழுக்காடு மட்டும் தந்துவந்தது. மீதியை ஏழைச் சமூகங்கள் தர முடியாததால் நிலையங்கள் பழுதாகிக் கிடந்தன. 2020இல் முழுச் செலவையும் ஏற்பதாக அரசு ஒப்புக்கொண்டது. நம்மிடம் திறப்பு விழாவுக்கு நிதி உண்டு. ஒட்டுப்போடும் சைக்கிள் டியூபுக்கு எந்தத் தலைப்பிலும் நிதி இல்லை.

கனடாவைச் சொர்க்கமாகக் காட்டவில்லை. உடன்படிக்கைக்குப் பிறகும் அங்கே எச்சரிக்கைகள் முழுதாக ஒழியவில்லை. பூர்வகுடிகளின் குடிநீருக்கென 2023 டிசம்பரில் கொண்டுவந்த மசோதா, 2025 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டபோது காலாவதியானது. கற்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மக்கள் பயனாளிகளாக அல்ல, ஒரு தரப்பாக எதிரே அமர்ந்தார்கள்.

*

எதிர்வாதங்களை நான் அறிவேன். அவற்றில் இரண்டு நம்முடைய வட்டத்திலிருந்தே வருபவை.

அவர்களைக் கீழே கொண்டுவந்து குடியமர்த்தினால் எல்லா வசதியும் தரலாமே என்பது ஒன்று. கீழே வந்தவர்களைப் பார்த்துவிட்டு இதைச் சொல்லலாம். வரிசை வீடுகள், வாசலில் தொடங்கி வாசலிலேயே முடியும் சாக்கடை, வாரத்துக்கு இருமுறை தண்ணீர். காட்டையும் இழந்து, ஊருக்குள்ளும் வராத நிலை. குடிநீர் வேண்டுமென்றால் உன் நிலத்தை விடு என்பது அடிப்படை வசதியைக் காட்டி ஒருவரை வெளியேற்றுவது. அதற்கு நலத்திட்டம் என்று பெயர் வைத்தாலும் பொருள் மாறாது.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. அவர்கள் சுனைநீர் குடிப்பவர்கள், இயற்கையோடு இயைந்தவர்கள், அவர்களுக்கு எதற்குக் குழாயும் கழிப்பறையும் என்பது. குறிஞ்சி என்று எழுதிப் பழகிய நம் கை இதை மிக எளிதாக எழுதிவிடுகிறது. சுனை வற்றுகிற மாசி மாதத்தைப் பற்றி அது எழுதுவதில்லை. தன் வீட்டில் மோட்டார் போட்டால் மாடித்தொட்டி நிரம்பும் ஒருவர் பிறருடைய சுனையைக் கொண்டாடுவதை ரசனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செலவு பற்றிய வாதம் மூன்றாவது. முப்பது வீடுகளுக்கு நான்கு கிலோமீட்டர் குழாய் என்று வைத்துக்கொள்வோம். ஊற்றில் ஒரு மூடிய தொட்டி, யானை மிதிக்க முடியாத ஆழத்திலோ பாறையோடு பிணைத்தோ பதித்த இரும்புக் குழாய், சரிவின் விசையிலேயே ஓடிவரும் தண்ணீர். மின்சாரம் வேண்டாம், பம்ப் வேண்டாம். முதற்செலவு கூடுதல், தொடர்செலவு சொற்பம். மலைக்குடியிருப்பின் இந்தச் சாதகத்தை வீட்டுக்கு இத்தனை ரூபாய் என்று கேட்கும் கணக்கு பார்ப்பதே இல்லை.

ஆகவே கேட்க வேண்டியது இன்னொரு திட்டம் அல்ல. ஓர் ஒப்பந்தம். வன உரிமைச் சட்டத்தின்படி குடியிருப்பிலேயே கூடும் கிராம சபை ஒரு தரப்பு. ஆட்சியர், வாரியம், வனத்துறை மூன்றும் சேர்ந்து மறுதரப்பு. எத்தனை லிட்டர், எந்த ஊற்றிலிருந்து, எந்த மாதத்துக்குள், ஓடை வற்றும் மாதங்களில் மாற்று என்ன, கழிவுநீர் எங்கே போகும், குழாய் உடைந்தால் எத்தனை நாளில் யார் செலவில் சரியாகும் என்று எழுத வேண்டும். 5 சதவீதப் பங்களிப்பு நீங்க வேண்டும். பதின்மூன்று வசதிகளின் பட்டியலில் கழிப்பறையும் வடிகாலும் பதினான்காவதாகச் சேர வேண்டும். இவற்றில் எதுவும் புரட்சி அல்ல. ஓர் ஆய்வகம் இதைவிட அதிகம் கேட்டது. அதற்கு எவரும் சிரிக்கவில்லை.

எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. கவிதை எழுதுவது அல்ல. சட்டப்பிரிவைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித்தருவது, தகவல் உரிமை மனு எழுதுவது, சபை கூடும் நாளில் தீர்மானத்தை எழுத்தில் வடிப்பது. மலையைக் காப்பாற்றப் பக்கம் பக்கமாக எழுதிய நமக்கு மலையில் இருப்பவர்களுக்காக நான்கு மனுக்கள் எழுதுவது முடியாத காரியம் இல்லை.

அன்று அலுவலகத்திலிருந்து வெளியே வந்ததும் பெரியவர் மனுவின் நகலை வாங்கி, மடித்து, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்தார். அதற்குள் ஏற்கெனவே ஒரு கட்டு இருந்தது. எல்லாம் பல ஆண்டுகளாகக் கொடுத்த மனுக்களின் நகல்கள். ஒவ்வொன்றிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் இருந்தன. எதிலும் தருவதாக ஒப்புக்கொண்ட கையெழுத்து இல்லை.